வலது புருவத்துக்கு மேல்

பெவர்லி பஞ்சில் முகப்பூச்சு மாவைத் தொட்டு, இறந்துகிடந்த ஹால்வரின் நெற்றிவரை கொண்டுபோனவள், கையை அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

"இதை மறைச்சிடட்டுமா கர்டிஸ், இல்ல அப்படியே விட்டுடவா?"

வலது புருவத்துக்கு மேல் கட்டைவிரல் நகத்தளவுக்கு ஒரு பிறை. செப்டம்பரில் பட்ட காயம். டிசம்பரில் இளஞ்சிவப்புத் தழும்பாக நின்றுவிட்டிருந்தது. மொன்டானாவின் அந்தப் பள்ளத்தாக்கில் அது என்ன தழும்பு என்று கேட்கத் தேவைப்படும் ஆள் கிடையாது. துப்பாக்கி உதைத்துப் பின்னால் வரும்போது அதன்மேல் மாட்டியிருக்கும், குறிபார்க்கிற ஸ்கோப்பின் விளிம்பு கடித்த தடம். முதன்முதலாகத் துப்பாக்கி பிடிக்கிற பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு விழும். பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் கேலி நடக்கும். ஐம்பத்தெட்டு வருஷம் மலையேறி எல்க் மான் சுட்ட ஹால்வருக்கு அது எழுபத்துநான்காம் வயதில் விழுந்திருந்தது.

"மறைச்சிடு," என்றான் கர்டிஸ்.

அப்பாவின் கௌரவத்தைக் காப்பாற்றுகிற மகன் மாதிரிதான் சொன்னான். பெவர்லியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அவனோடு பள்ளியில் படித்தவள். இப்போது ஊரில் யார் செத்தாலும் தலைவாரி, பொத்தான் போட்டு, முகத்துக்கு நிறம் கொடுத்துப் பெட்டியில் வைப்பது அவள் வேலை. நான்கு தடவை ஒற்றினாள். பிறை போய்விட்டது. அப்பாவின் நெற்றி யாரோ வேறு ஆளுடையதுபோல் மழமழவென்று ஆனது. கர்டிஸுக்கு மூச்சு கொஞ்சம் இலகுவாக வந்தது. அப்படி வந்ததே அவனுக்கு அசிங்கமாகவும் இருந்தது.

போன வசந்தத்தில் ஹால்வரின் நுரையீரலில் பாதி உதவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏரிக்கு மேலே மலையில் உள்ள வட்டப் பள்ளத்துக்கு இன்னும் ஒரே ஒரு தடவை வேட்டைக்கு ஏறிப் போக வேண்டும் என்பது கிழவரின் ஆசை. பழைய துப்பாக்கி ஒன்பது பவுண்டு. அதைத் தூக்கிக்கொண்டு கொட்டகைவரைகூட அவரால் போக முடியவில்லை. அதனால் ஐந்தரைப் பவுண்டில் ஒன்று செய்துதரச் சொல்லி வெண்டெலிடம் போனார். வெண்டெல் துப்பாக்கி செய்பவர். நாற்பது மைல் தள்ளிக் கடை. எந்தத் தோட்டாவுக்குச் செய்வது என்று முடிவு பண்ண ஹால்வருக்கு மூன்று வாரம் பிடித்தது. சாப்பாட்டு மேஜையில் ஒரு கவரின் முதுகில் ஐந்து பெயர் எழுதி, காலையில் ஒன்றை அடிப்பார். மாலையில் அதையே திரும்ப எழுதுவார். எடை குறையக் குறைய உதை கூடும், தோள் தாங்காது, தோள் பயந்தால் குறி தப்பும், குறி தப்பினால் காயம்பட்ட மான் எங்கேயோ போய்க் கிடந்து சாகும் என்பது அவர் கணக்கு. கடைசியில் மிஞ்சியது ராபர்ட்ஸ். உதை குறைந்த, மென்மையான தோட்டா. வெண்டெலிடம் போய் அதையே சொல்லிவிட்டு வந்தார்.

"அது பொம்பளைங்க சுடுறதுப்பா," என்றான் கர்டிஸ்.

"அது எல்க்குக்குத் தெரியாதுடா," என்றார் ஹால்வர்.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலை உணவுக்கடையில், தினமும் அங்கே கூடும் டெல்மரும் மற்றவர்களும் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். உங்கப்பா அணில் வேட்டைக்கா கிளம்பறார் என்று டெல்மர் கேட்டதும் மேஜை முழுக்கச் சிரித்தது. நாற்பத்தெட்டு வயது கர்டிஸுக்குக் காது சிவந்தது. வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தபடியே வெண்டெலுக்குப் போன் போட்டு, அப்பா மனசை மாத்திக்கிட்டார், முந்நூறு மேக்னத்துக்கே செஞ்சிடுங்க என்றான். மேக்னம் பெரிய தோட்டா, உதையும் பெரிது. வெண்டெல் அதுவரை இரும்பைத் தொட்டிருக்கவில்லை. அவர்கிட்டயே ஒரு வார்த்தை பேசிடவா என்று கேட்டார். அவர்தான் சொல்லச் சொன்னார் என்றான் கர்டிஸ்.

கேலிக்குப் பயந்து மட்டும் அதைச் செய்யவில்லை. போனை அழுத்தும்போதே அடியில் வேறொரு நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா இதை ஒரு வேட்டைப் பருவம் தூக்குவார். அதற்குப் பிறகு முப்பது வருஷம் தூக்கப்போவது நான்தானே. ஆள் உயிரோடு எதிரே நிற்கும்போதே அவர் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்ப்பது போன்ற காரியம் இது. அன்றைக்கு அவனுக்கு அப்படித் தெரியவில்லை. நியாயமாகத்தான் தெரிந்தது.

துப்பாக்கியை வாங்கப் போன அன்று ஹால்வர் அதைக் கையில் எடுத்து எடை பார்த்து, சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். பிறகு குழலில் பொறித்திருந்த தோட்டாவின் பெயரைப் படித்தார். கட்டைவிரலை அந்த எழுத்தின்மேல் வைத்தவர் எடுக்க நேரமாயிற்று. கர்டிஸ் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நல்லா வந்திருக்கு வெண்டெல்," என்றார் ஹால்வர். திரும்பி வந்த நாற்பது மைலும் இந்த வருஷம் பனி சீக்கிரம் விழுமா என்பதைப் பற்றியே பேசினார்.

நேராக ஊருக்கு வெளியே ஜல்லிக் குழிக்குப் போய் அட்டையில் குறி வைத்தார்கள். முதல் வெடியிலேயே ரத்தம் மூக்குவரை வந்துவிட்டது. கர்டிஸ் கைக்குட்டையை நீட்டினான். கண்ணை ரொம்பக் கிட்ட வச்சிட்டேன் என்று சொல்லிக் கிழவர் அதை வாங்கிக் கட்டிக்கொண்டு, இருமிக்கொண்டே இன்னும் மூன்று ரவை சுட்டார். ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு மொத்தமும் பின்னால் போய் வந்தது. கடைசியில் ஸ்கோப்பின் திருகை ஒரு சொடுக்கு திருப்பி, துப்பாக்கியைத் துடைத்து அவனிடம் கொடுத்தார்.

"குறியை ரெண்டு அங்குலம் மேல வச்சிருக்கேன். உனக்குச் சரியா இருக்கும்."

அந்தப் பருவத்தில் அவர் மலைக்குப் போகவில்லை. சரிவு செங்குத்தாகிவிட்டது என்றார். கர்டிஸ் போய் அதே துப்பாக்கியால் ஒரே வெடியில் ஒரு எல்க் கடாவை வீழ்த்தினான். பருவம் முடிந்து பத்தாம் நாள் காலை, பாதி குடித்த காபியோடு நாற்காலியிலேயே ஹால்வர் போய்விட்டார்.

ஒரு மணிக்குப் பெட்டியைத் திறந்து வைத்தார்கள். ஆட்கள் வரிசையாக வந்தார்கள். கையைக் குலுக்கி, நல்ல மனுஷன் என்று சொல்லி நகர்ந்தார்கள். வெண்டெல் மனைவியோடு நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பெட்டி முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கர்டிஸின் முழங்கையைப் பிடித்துக் கோட்டுகள் மாட்டியிருந்த ஓரத்துக்கு அழைத்துப் போனார்.

"எனக்கு மனசு கேக்கல கர்டிஸ். அடிபட்டதைக் கேள்விப்பட்டதும் அவருக்குப் போன் பண்ணினேன். குழலைக் கழட்டிட்டு ராபர்ட்ஸுக்கே வேற போட்டுத் தர்றேன், ரெண்டு வாரத்துல முடிச்சிடுவேன், பருவத்துல பாதியாவது கிடைக்கும்னேன். வேணாம்னுட்டாரு."

கர்டிஸ் கோட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் மாத்தச் சொன்னேன், உன் காதுல சரியாத்தான் விழுந்திருக்குன்னாரு. ஆனா முதல் நாள் ரெண்டு மணி நேரம் உக்காந்து ராபர்ட்ஸ் ஏன் வேணும்னு பேசின ஆளு. ராத்திரியோட ராத்திரியா மாறுவாரா? அன்னிக்கே அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். என் தப்புதான்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். யாரோ கோட்டை எடுக்க வந்தார்கள். வெண்டெல் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். கர்டிஸ் அங்கேயே நின்று கணக்குப் போட்டான். செப்டம்பர் கடைசியில் காயம். இரண்டு வாரத்தில் வேறு குழல். அக்டோபர் நடுவில் வட்டப் பள்ளத்தில் பனி இருக்காது. மெதுவாக ஏறியிருந்தால் இரண்டு நாளில் போயிருக்கலாம். அப்பாவுக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டு நாள்தான். மகன் பொய்யன் என்று நாற்பது மைல் தள்ளி இருக்கிற ஒரு ஆளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அதையும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். கர்டிஸுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

அவன் பெட்டிக்குத் திரும்பியபோது டெல்மர் அங்கே அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். டெல்மர் கெட்டவர் இல்லை. துக்க வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாத ரகம்.

"கடைசி வருஷம் அவருக்கு நிதானம் கொஞ்சம் தவறித்தான் போச்சு ஆர்லீன். இல்லைன்னா ஹால்வர் மாதிரி ஆளு அந்த வயசுல மேக்னம் கேப்பாரா?"

அம்மா அப்பாவின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தழும்பு எங்க?" என்றாள்.

"நான்தான் மறைக்கச் சொன்னேன்மா."

"அவர் மறைக்கலையே. பாத்தவங்ககிட்டெல்லாம் என் முட்டாள்தனம்னு காட்டிட்டுத்தானே திரிஞ்சாரு."

"அம்மா, அது வந்து..."

"தெரியும்," என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. "நெத்தியில கட்டோட வீட்டுக்கு வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு. நான் உன்கிட்ட கேக்கறேன்னு கிளம்பினேன். கேக்காதேன்னாரு. அவனே வந்து சொல்லுவான், அவசரப்படுத்தாதேன்னாரு."

செப்டம்பர், அக்டோபர், நவம்பர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கர்டிஸ் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறான். கடாவைச் சுட்ட கதையை இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். அப்பா மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு உட்கார்ந்து, காற்று எந்தப் பக்கம் அடித்தது, எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்டுக்கொண்டார். கதை முடிந்த பிறகும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் வேட்டைக்கதை கேட்க ஆசைப்படுகிறார் என்று அவன் நினைத்திருந்தான்.

அம்மாவின் கையிலிருந்த கைக்குட்டையை வாங்கினான். ஜன்னலோரம் இருந்த தண்ணீர்க் கோப்பையில் ஒரு நுனியை நனைத்துக்கொண்டு வந்து குனிந்தான். நெற்றி ஜில்லென்று கட்டியாக இருந்தது. முதல் துடைப்பில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதில் பிறையின் ஒரு முனை தெரிந்தது. வரிசை நின்றுவிட்டது. முழுதும் தெரியும்வரை துடைத்தான்.

"அவர் கேட்டது ராபர்ட்ஸ்தான் டெல்மர்," என்றான், நிமிராமலே. "அவருக்குத் தெரியாம போன் பண்ணி மாத்தினது நான்."

டெல்மர் கையிலிருந்த தொப்பியை ஒரு சுற்று சுற்றினார். பெட்டிக்குள் ஒரு தடவை பார்த்தார். நகர்ந்து போனார். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றிருந்த வெண்டெலின் மனைவி கர்டிஸின் கையைக் குலுக்கினாள். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை.

மூன்று மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் காற்று மலைப் பக்கமிருந்து நேராக வீசியது. பெட்டி இறங்கும்போது அம்மா அவன் பக்கம் திரும்பாமல் கையை நீட்டினாள். என்ன கேட்கிறாள் என்று அவனுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தான். அதன் ஒரு பக்கம் முழுக்கத் தோல் நிறத்தில் மாவு ஒட்டிக் காய்ந்திருந்தது. அம்மா அதை ஒரு கணம் பார்த்தாள். மாவு பட்ட பக்கத்தை உள்ளே மடித்து, மறுபக்கத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.