பின்னிருக்கைப் பொத்தான்

1

இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் இலவசமாகக் கிடைத்தது. பக்கத்து நாற்காலிக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னார். முடிவைச் சொல்வதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது அவர் வாய் மரத்துப்போயிருந்தது. அடுத்து என் முறை. பேரம் பேசிப் பிழைத்த குடும்பத்தில் வளர்ந்தவன் நான். ஓசியில் வந்த சரக்கில் ஒரு மூலை குறைகிறது என்று தூக்கியா எறிய முடியும்?

2

முதல் வரி: “நீலவானில் வெள்ளி அம்பாய்ச் சீறிய அந்தப் போர் விமானம், தன் –”

(அடித்துவிட்டேன். அம்பு திரும்பி வராது. இது வந்தாக வேண்டும்.)

இரண்டாம் முயற்சி: அது போருக்கே போகாத போர் விமானம். அதன் வேலை நடிப்பு. முன்னிருக்கை விமானியின் கைப்பிடிக்கும் இறக்கைக்கும் நடுவே ஒரு கணினி தரகர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. விமானி கேட்பதைக் கேட்டுக்கொள்ளும். கொடுப்பதைத் தன் இஷ்டப்படி கொடுக்கும். அதில் புது நிரலை ஏற்றினால், இன்னும் கட்டப்படாத ஒரு விமானத்தின் குணம் இதற்கு வந்துவிடும். குணம் மோசமென்றால் பின்னிருக்கைக்காரர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். தரகர் வெளியேறிவிடுவார், பழைய விமானம் பின்னிருக்கையின் கைக்கு வரும்.

(தொழில்நுட்பம் இவ்வளவுதான். இதற்கு மேல் எனக்கும் தெரியாது. தெரிந்த முகத்தை வைத்துக்கொள்வது எங்கள் குடும்பத் தொழில்.)

3

பின்னிருக்கையில் என் பல்வலிக்காரர். முன்னிருக்கையில் அவருடைய அக்காவின் கணவர், அதாவது மச்சான். நிரலை எழுதியவள் அக்கா. கீழே கட்டுப்பாட்டு அறையில் காதுக்கருவியோடு உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த அக்காவை நான் முதலில் நம்பவில்லை. புருஷனையும் தம்பியையும் ஒரே வண்டியில் ஏற்றித் தன் கணக்கை நம்பி அனுப்புகிற பெண் உண்டா? வேறொரு பொறியாளரைப் போட்டுப் பார்த்தேன். எல்லோரும் மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அக்காவையே திரும்பக் கூப்பிட்டேன்.

ஆபத்து உயிருக்கு மட்டுமல்ல. பொத்தான் இன்னொரு தடவை அழுத்தப்பட்டால் திட்டத்தையே இழுத்து மூடிவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது. அக்காவின் பல வருட உழைப்பு தம்பியின் கட்டைவிரலுக்குக் கீழே.

4

தரையிறங்கும் நேரம். விமானத்தின் மூக்கு சற்றே தூக்கியது. மச்சான் கைப்பிடியை முன்னே தள்ளினார். விமானம் யோசித்துவிட்டுத் தாமதமாகக் கேட்டது; அதற்குள் அவர் இன்னும் தள்ளியிருந்தார். அளவுக்கு மீறித் தாழ்ந்தது. இழுத்தார். அளவுக்கு மீறி எழுந்தது. கெட்டிக்காரர்களுக்கே வாய்க்கும் தவறு இது: திருத்தத் திருத்தக் கெட்டுப்போகும்.

“மச்சான், கைய விடுங்க.”

“இருடா, பிடிச்சிட்டேன். இப்ப நின்னுடும்.”

“நீங்க பிடிக்கிறதாலதான் ஆடுது!”

காதில் அக்கா: “விடுங்களேன்! வீட்டுல டிவி ரிமோட்டைத்தான் விடமாட்டீங்க, இதையாவது விடுங்க.”

“உன் புரோகிராம்தான் சொன்னா லேட்டா கேக்குது!”

“உங்கள மாதிரியே!”

“மச்சான், நான் அழுத்தப் போறேன்.”

“அழுத்தாத மாப்ள. அப்புறம் உங்க அக்கா மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?”

“தரையில மோதினா முழிக்கவே வேணாம்.”

இந்த இடத்தில்தான் செவிலி வந்து அவரை உள்ளே கூப்பிட்டார்.

5

முடிவுகள் கைவசம் உண்டு. மோதல்? கட்டுப்படியாகாது. ஆள் உயிரோடு, வீங்கிய கன்னத்தோடு என் பக்கத்தில் இருந்தாரே.

மச்சான் கையை விட்டார், மூக்கு தானாக அடங்கியது, அக்கா ஜெயித்தாள்? இனிப்பான முடிவு. ஆனால் அக்காவே வாங்கமாட்டாள். நல்ல விமானியைத் தப்புப் பண்ண வைக்கிற விமானம் என்ன விமானம் என்று அவளே கேட்பாள்.

பொத்தான் அழுத்தப்பட்டது. மூவரும் அன்றிரவு ஒரே மேசையில் சாப்பிட உட்கார்ந்து –

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.)

6

ஆகவே நீங்கள் பின்னிருக்கைக்கு வாருங்கள். பட்டையை இறுக்கிக்கொள்ளுங்கள். ஓடுபாதை பெரிதாகிக்கொண்டே வருகிறது. முன்னால் மச்சானின் தலை மேலும் கீழும் ஆடுகிறது. அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். அழுத்து என்றால் அவள் உழைப்பு போகும். அழுத்தாதே என்றால் தம்பியின் விரலை அவளே பிடித்துக்கொண்டதாகிவிடும். ஒலிவாங்கியை மட்டும் அணைக்கவில்லை. அவள் மூச்சு கேட்கிறது.

உங்கள் கட்டைவிரல் பொத்தானின் மேல். நான் இன்னும் ஒரு வரியைத் திருத்தலாம், இன்னும் ஒரு யோசனை சொல்லலாம். சொல்லச் சொல்ல ஆட்டம்தான் கூடும். யாராவது ஒருவர் கையை விட்டாக வேண்டும்.

நான் விட்டுவிட்டேன்.