மொட்டு வாசம்

பாகு காய்ச்சும் கொட்டகைக்குள் ஆவி நிறைந்துவிட்டால் எனக்கு அது கடலாகிவிடும். அகலமான தட்டில் மேப்பிள் சாறு கொதித்துக்கொண்டிருக்கும். நான் கரண்டியைப் பிடித்தபடி அந்த வெள்ளைக்குள் திமிங்கிலங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"சொலாஞ்ச்! நுரை பொங்குது பாரு, எந்த ஊர்ல இருக்க?" என்று அப்பா கத்துவார்.

ஒரு துளி வெண்ணெய் போடுவேன். நுரை அடங்கிவிடும். நான்தான் அடங்க மாட்டேன்.

திமிங்கிலங்களின் குரலைப் பதிவு செய்யும் கப்பலில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து கிளம்புகிறது. நான் படித்ததே இதற்காகத்தான். ஆனால் அம்மா போனபிறகு இந்தத் தோப்பில் அப்பாவும் நானும் மட்டும்தான். ஒருவர் மரம் மரமாகப் போய், அதில் சாறு சொட்டி நிறையும் வாளிகளைச் சுமந்து வர வேண்டும், ஒருவர் தட்டருகிலேயே நிற்க வேண்டும். கண் அசந்தால் பாகு கருகிவிடும். வருடம் முழுவதும் நாங்கள் சாப்பிடுவது இந்தச் சில வாரங்களை நம்பித்தான்.

அப்பா "போ" என்றும் சொல்லவில்லை, "இரு" என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே! பேசாமல் வெயிலை வேண்டிக்கொண்டேன். வெயில் ஏறினால் மரம் மொட்டு விடும், பாகில் ஒரு கசந்த வாசம் வரும், அதோடு பருவம் முடிந்தது. என் கப்பலுக்காக அப்பாவின் பிழைப்பில் மண் விழ வேண்டுமென்று மாதாவிடமே கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை.

மாதா செவிசாய்க்கவில்லை. சனிக்கிழமையும் குளிர் விடவில்லை, வாளிகள் நிரம்பி வழிந்தன.

பக்கத்துத் தோப்பு ஃபெர்னான் மாமா வந்தார். மொட்டு வாசம் வந்துவிட்டதா என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்பாவிடம்தான் கேட்பார்கள். அவர் நாக்கு சொன்னால் சொன்னதுதான். அப்பா தட்டிலிருந்து ஒரு கரண்டி மொண்டு, ஊதி, வாயில் விட்டு, துப்பினார்.

"மொட்டு வந்துடுச்சு. இந்த வருஷம் அவ்வளவுதான்."

மாமா கரண்டியைப் பிடுங்கி ருசி பார்த்தார். "யோவ் ரோசேர், விளையாடறியா? அப்படியே இனிக்குது!"

"உன் நாக்குக்கு என்னய்யா தெரியும்? புகையிலை மென்னு மென்னு செருப்புத் தோலாப் போச்சு."

"வெளிய சொன்னா சிரிப்பாங்கய்யா. ரோசேருக்கு வயசாயிடுச்சும்பாங்க."

"சொல்லிட்டுப் போகட்டும்." அப்பா என்னைப் பார்க்கவே இல்லை.

மாமா கரண்டியை என்னிடம் நீட்டினார். "நீ சொல்லும்மா. உங்கப்பன் நாக்குதானே உனக்கும்?"

ருசித்தேன். சுத்தமான இனிப்பு. இன்னும் இரண்டு வாரமாவது ஓடும். உண்மையைச் சொன்னால் அப்பாவின் பெயர் நிற்கும், நானும் இங்கேயே நிற்பேன். என்னைப் போகவைக்க அவர் தன்னிடமிருந்த ஒரே பெருமையைத் துப்பியிருந்தார். அதை எடுத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கத்தான் என்ன உரிமை?

"வாசம் வருது மாமா," என்றேன்.

"அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே நாள்ல நாக்கு செத்துப்போச்சு!" என்று தலையிலடித்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

அப்பா அடுப்பிலிருந்த விறகை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே பனியில் போட்டார். ஆவி மெல்லக் கலைந்து அவர் முகம் தெரிந்தது.

"கடல்ல குளிருமாமே," என்றார். "என் கம்பளிச் சட்டைய எடுத்துக்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வெளியே நிரம்பிய வாளிகளிலிருந்து சாறு பனியில் சொட்டிக்கொண்டே இருந்தது. அது காதில் விழாதவர்களைப் போல நாங்கள் இருவரும் தட்டைக் கழுவத் தொடங்கினோம்.