முப்பத்தோராவது பெயர்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கால் நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருப்பவரை மட்டும் உதைக்காதீர்கள். இன்றைக்கு ராஜா ராணி கதை கிடையாது. ஓர் அலுவலகம், ஒரு பட்டியல், ஒரு அண்ணி, ஒரு நாத்தனார். அவ்வளவுதான். ஆனாலும் கேட்டு முடிக்குமுன் உங்களுக்குள்ளும் எங்கேயாவது ஒன்று சுருக்கென்று தைக்கும். தைத்தால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.

அந்த நாத்தனாருக்கு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் வேலை. இரண்டாவது மாடி, ஜன்னலோர மேசை, ஆசிரியர் பயிற்சிப் பிரிவு. எதற்கும் பட்டியல் போடுகிறவள் என்பதால் அங்கே அவளுக்கு லிஸ்ட்டம்மா என்று பேர். "குளிக்கணும்னு எழுதி வச்சிட்டுத்தான் குளிப்பாங்க. குளிச்சதும் ஈரக் கையோட வந்து அதைப் பட்டியல்ல அடிச்சிடுவாங்க" என்று பியூன் அவள் காதுபடவே சொல்லுவார். அவளும் சிரிப்பாள். வீட்டிலோ, நாற்பத்தாறு வயதாகி காதோரம் நரைத்த பிறகும், அண்ணனுக்கும் அண்ணிக்கும் அவள் பாப்பாதான்.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. அடுத்த பருவத்திலிருந்து பிள்ளைகளின் மதிப்பெண்ணை நோட்டில் எழுதக் கூடாது, கணினியில்தான் ஏற்ற வேண்டும். அதற்குள் அவள் பிரிவின் கீழ் வருகிற ஆசிரியர் இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் தயார் செய்துவிட வேண்டும். அந்தப் பொறுப்பு லிஸ்ட்டம்மாவின் தலையில் விழுந்தது.

முன்பு நடந்த பயிற்சிகளை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு கணினிக்கு மூன்று பேர். ஒருவர் மவுஸைப் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் எட்டிப் பார்ப்பார், மூன்றாமவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் மூவருக்கும் ஒரே சான்றிதழ். இந்த முறை அப்படி விடுவதில்லை என்று பெரிய அதிகாரியிடம் மல்லுக்கு நின்று, ஓர் ஆளுக்கு ஒரு கணினி என்று எழுத்தில் வாங்கினாள். நல்ல காரியந்தான். ஆனால் கண்ணுகளா, நாம் போட்ட நல்ல விதியே நம் காலை வாருவதும் உண்டு.

கணினி தெரியுமா என்று கேட்டுப் பள்ளிகளுக்கு ஒரு படிவம் அனுப்பினாள். மூன்றே கட்டங்கள்: தெரியாது, ஓரளவு தெரியும், நன்றாகத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி, ஓரளவு தெரிந்தவர்களுக்கு இரண்டு நாள், நன்றாகத் தெரிந்தவர்களுக்கு ஒரு கையேடு மட்டும். படிவங்கள் திரும்பி வந்தன. தெரியாது என்று போட்டவர்கள் முப்பத்தொரு பேர். பயிற்சி அறையில் இருந்த கணினிகள் முப்பது.

பருவம் தொடங்குமுன் ஐந்து நாள் வகுப்பு ஒன்றுக்குத்தான் நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் பட்டியல் மேலே போக வேண்டும். மூன்றரைக்கு அவள் பேனாவைக் கடித்துக்கொண்டு யாரை எடுப்பது என்று பார்த்தாள். ஒருத்தி நிறைமாதம் நெருங்குவதற்குள் முடித்துவிடத் துடிப்பவள். ஒருவர் படிவத்தின் அடியில் 'தயவுசெய்து என்னை விட்டுவிட வேண்டாம்' என்றே எழுதியிருந்தார். பத்தொன்பதாவது படிவம் பஸ் டிப்போ அருகிலுள்ள பள்ளியின் கணக்கு டீச்சருடையது. அவளுடைய அண்ணி.

நம்ம வீட்டு ஆள்தானே என்று நினைத்தாள். அண்ணியை உள்ளே வைத்து வேறொருவரை வெளியே தள்ளினால் ஊர் என்ன சொல்லும்? தன் குடும்பத்துக்குச் செய்துகொண்டாள் என்று சொல்லும். அண்ணிக்கு ஞாயிற்றுக்கிழமையில் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தால் போகிறது.

அண்ணி பென்சிலில்தான் டிக் போட்டிருந்தாள். எதையும் முதலில் பென்சிலில் போட்டுப் பார்ப்பது கணக்கு டீச்சர்களின் வழக்கம். ரப்பரால் நாலு தேய்; 'தெரியாது' போய்விட்டது. ஓரளவு என்று போட்டால் இரண்டு நாள் வகுப்பிலும் ஓர் இடம் தேட வேண்டும். பேனாவால் ஒரு கோடு. 'நன்றாகத் தெரியும்' வந்துவிட்டது. ரப்பர்த் துகளை ஊதிவிட்டுப் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தராசு முள் போல நடந்துகொண்டோம் என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டாள். அதுதான் பின்னாளில் நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கூசியது.

அன்று மாலை போன் செய்தாள். "அண்ணி, உங்க பேரு இந்தத் தடவை இல்ல. கோவிச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை நானே வந்து சொல்லித் தரேன்."

"அதுக்கென்ன பாப்பா. நாலு பேருக்கு முன்னாடி தடுமாறுறதுக்கு உன் முன்னாடி தடுமாறிட்டுப் போறேன். நீ சிரிச்சா காதைத் திருகவாவது செய்யலாம்."

டிக்கை மாற்றியதை அவள் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, ஒரு கோடுதானே என்று விட்டுவிட்டாள்.

முதல் ஞாயிறு பயிற்சி அறையில் ஒயரிங் வேலை. இரண்டாவது ஞாயிறு அறிக்கை. மூன்றாவது ஞாயிறு, உண்மையைச் சொன்னால், தூங்கிவிட்டாள். நான்காவது ஞாயிறு போனாள். சாப்பிட்டாள், அண்ணனோடு வம்பளந்தாள், கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது அண்ணி, "அந்த மார்க் ஏத்துற விஷயம்..." என்று இழுத்தாள். "அடுத்த வாரம் கண்டிப்பா அண்ணி!" என்று சொல்லிப் படியிறங்கினாள். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை.

பயிற்சி நன்றாக நடந்தது. "இருநூத்திப் பன்னெண்டு பேரும் தயார், ஒருத்தர்கூட விடுபடல" என்று பெரிய அதிகாரி கூட்டத்தில் சொன்னபோது கைதட்டினார்கள். லிஸ்ட்டம்மாவும் கைதட்டினாள்.

பருவத் தேர்வு முடிந்தது. அண்ணி கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, நாற்பத்தொரு பிள்ளைகள் உள்ள தன் வகுப்புக்கு மதிப்பெண் ஏற்றினாள். வரிசையில் பன்னிரண்டாவது பிள்ளை காய்ச்சலால் தேர்வுக்கே வரவில்லை. நோட்டாக இருந்தால் அங்கே ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போவாள். இங்கே அந்த வரியைக் காலியாக விட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பதின்மூன்றாவது பிள்ளையின் எண்ணைத் தட்டினாள். அது பன்னிரண்டாவது பெயருக்கு நேரே போய் உட்கார்ந்தது. அங்கிருந்து கடைசிவரை எல்லார் மதிப்பெண்ணும் ஒரு படி மேலே ஏறிக்கொண்டது. கடைசியில் காலியாக நின்ற வரியை, வராத பிள்ளைக்கு உரியது என்று நினைத்துக்கொண்டாள்.

காய்ச்சலில் படுத்திருந்த பையனுக்குத் தொண்ணூற்றாறு. தொண்ணூற்றாறு வாங்கிய பெண்ணுக்குப் பத்தொன்பது.

மதிப்பெண் அட்டைகள் வீடுகளுக்குப் போய்விட்டன. நான்காம் நாள் அந்தப் பெண்ணின் அப்பா, லாரி ஓட்டுகிறவர், விடைத்தாளைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி தலைமையாசிரியரைத் தேடிப் பள்ளிக்கு வந்தார். "நல்லா எழுதினேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா சார். பொய் சொல்றான்னு நினைச்சிட்டேன். மூணு நாளா எங்கிட்ட பேசல, பள்ளிக்கூடமும் வரல" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காராமலே நின்றார்.

அதற்குப் பிறகு அண்ணிக்கு மெமோ வந்தது. 'கணினி நன்றாகத் தெரியும் என்று தாமே எழுதிக்கொடுத்திருந்தும் அலட்சியமாக நடந்துகொண்டமைக்கு' விளக்கம் தர வேண்டும். புதன்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. குற்றம் உறுதியானால் மாவட்டத்தின் கடைசிப் பள்ளிக்கு மாற்றல், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். இருபத்தாறு வருடம் ஒரே பள்ளியில் வேலை செய்தவளுக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருடம். அந்தக் கடிதத்தின் நகல் லிஸ்ட்டம்மாவின் மேசைக்கும் வந்தது. பயிற்சிக் கோப்பை அவள்தான் விசாரணைக்குக் கொண்டுவர வேண்டும்.

அன்று மாலையே அண்ணி வீட்டுக்கு ஓடினாள். அண்ணி சமையலறையில் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"வா பாப்பா. இதைப் பாரேன், நான் நல்லாத் தெரியும்னு எழுதினேனாம். நான் தெரியாதுன்னுதானே போட்டேன்? பென்சில்ல போட்டது நல்லா ஞாபகம் இருக்கே."

"நான்தான் அண்ணி மாத்தினேன்."

சீவுகிற கை நின்றது.

"ஏன்?"

"ஒரு இடம் குறைஞ்சது. நம்ம வீட்டு ஆளுன்னு..."

"நம்ம வீட்டு ஆளுன்னா கேக்காம பண்ணலாமா? அடுத்தவங்கன்னா ஒரு வார்த்தை கேட்டிருப்பல்ல?"

"நாளைக்கே போய்ச் சொல்லிடறேன் அண்ணி" என்றாள் லிஸ்ட்டம்மா.

அண்ணி அடுத்த கிழங்கை எடுத்தாள். "வேணாம். கவனம் பிசகிடுச்சுன்னு நான் சொல்லிக்கறேன். கவனமில்லாதவன்னா ஒரு மாசம் பேசுவாங்க. ஒண்ணும் தெரியாதவன்னு பேர் வந்தா ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஸ்டாஃப் ரூம்ல சிரிப்பாங்க. உனக்கும் வேலைக்கு ஆபத்து. உங்கண்ணனுக்குத் தெரிஞ்சா வீட்டுல வேற ரகளை. விடு."

அந்த 'விடு'வைக் கேட்டதும் வெயிலில் வந்தவளுக்கு நிழல் கிடைத்த மாதிரி ஆயிற்று லிஸ்ட்டம்மாவுக்கு. நாலு படி இறங்கியதும் அந்த நிழலே சுட்டது. 'அவங்க வேண்டாம்னு சொன்னது வாஸ்தவம். நீ ஏண்டி சரின்னு தலையாட்டின?' என்று பஸ்ஸில் வழி முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்டு போனாள். நிறுத்தத்தைக்கூடத் தாண்டிவிட்டாள்.

புதன்கிழமை விசாரணை அறையில் நான்கே பேர். மேசைக்குப் பின்னால் பெரிய அதிகாரி. எதிரே அண்ணி, பக்கத்தில் அவளுடைய தலைமையாசிரியர். ஓரத்தில் கோப்போடு லிஸ்ட்டம்மா. உறவு முறை யாருக்கும் தெரியாமல் இல்லை, ஆனால் அன்று அண்ணி அவளை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"எனக்கு நல்லாத் தெரியும் சார். கவனம் பிசகிடுச்சு" என்றாள் அண்ணி. மனப்பாடம் செய்த குரல்.

"நல்லாத் தெரிஞ்சும் பிசகினா அது அலட்சியம்தானே டீச்சர்?" அதிகாரி தன் கணினியை அவள் பக்கம் திருப்பினார். "சரி, உங்க வகுப்பைத் திறந்து அந்தப் பன்னெண்டாவது வரியைச் சரி பண்ணிக் காட்டுங்க. நானும் பார்க்கறேன்."

அண்ணி மவுஸின் மேல் கை வைத்தாள். திரையில் அம்புக்குறி ஒரு மூலைக்கு ஓடியது. இழுத்தாள், இன்னொரு மூலைக்கு ஓடியது. கரும்பலகையில் கவராயம் இல்லாமல் வட்டம் போடுகிற கை அது, இங்கே ஓர் அம்பைக் கட்டத்துக்குள் நிறுத்த முடியவில்லை. புடவைத் தலைப்பில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள்.

அதற்கு மேல் லிஸ்ட்டம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"சார், நிறுத்துங்க. அது அவங்க போட்ட டிக் இல்ல. அவங்க தெரியாதுன்னுதான் போட்டாங்க. அழிச்சு மாத்தினது நான்." படிவத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். தேய்த்த இடத்தில் தாள் இன்னும் மெலிந்திருந்தது. "முப்பது கணினி, முப்பத்தொரு பேரு. பட்டியலைச் சரிக்கட்ட இவங்க பேரை எடுத்தேன். வீட்டுல சொல்லித் தரேன்னு வாக்கு குடுத்தேன், அதையும் செய்யல."

அண்ணியின் முகம் சிவந்தது. "நான் உன்னைச் சொல்லச் சொன்னேனா?" என்றாள், அலுவலகம் என்பதையும் மறந்து. அவள் பயந்த பேர் வந்துவிட்டது. லிஸ்ட்டம்மாவுக்கு அது இரண்டாவது அடி: உண்மையைச் சொன்னதும் அண்ணிக்குக் கேடாகத்தான் முடிந்தது.

அப்போது தலைமையாசிரியர் தொண்டையைக் கனைத்தார். "சார்... அந்தப் படிவத்தை நாங்க ஒரே மேசையில உக்காந்து, பக்கத்துல இருக்கிறவங்களைப் பார்த்துப் பார்த்துப் போட்டோம். நானே நல்லாத் தெரியும்னுதான் போட்டேன். என் வகுப்பு மார்க்கையெல்லாம் என் மருமகள்தான் ஏத்தித் தர்றா. எங்க பள்ளியில உள்ளதை உள்ளபடி எழுதினது இந்த அம்மா ஒருத்தர்தான்."

"அப்போ இருநூத்திப் பன்னெண்டு பேர் தயார்னு நான் மேல சொன்னது?" என்றார் அதிகாரி.

அண்ணியின் மெமோ கிழிந்தது. அதே இடத்தில் லிஸ்ட்டம்மாவுக்கு ஒன்று எழுதப்பட்டது. பயிற்சித் திட்டம் அவள் கையைவிட்டுப் பக்கத்து மேசைக்குப் போனது.

வராந்தாவில் அவள், "அண்ணி, என்னை மன்னிச்சு..." என்று ஆரம்பித்தாள்.

"எங்கிட்ட அப்புறம் கேளு. முதல்ல அந்தப் பொண்ணு வீட்டுக்கு வா. தட்டின விரல் என்னுது, நானும் வரணும்."

போனார்கள். பஸ்ஸில் அண்ணி முன் சீட்டில், இவள் பின் சீட்டில். லாரிக்காரர் வீட்டுக் கூடத்தில், பத்து வயதுப் பெண் எதிரே மூன்று பெரியவர்கள் தலை குனிந்து நின்ற காட்சியைப் பார்க்க வேண்டும் கண்ணுகளா! "தப்பு என்னோடதும்மா" என்றாள் லிஸ்ட்டம்மா. "இல்ல, என்னோடது" என்றாள் அண்ணி. "நான்தான் உன்னை நம்பல" என்றார் அப்பா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

பெண் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப என் மார்க் தொண்ணூத்தாறா? நூறு வரும்னு நினைச்சேனே டீச்சர். நாலு எதுல போச்சு?"

"ஏழாவது கணக்குல சென்டிமீட்டர்னு எழுதினியா நீ?"

"விடை சரிதானே டீச்சர்!"

"நாப்பது என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்? நாப்பது யானையா?"

இருவரும் தரையில் உட்கார்ந்து விடைத்தாளை விரித்துக்கொண்டார்கள். அப்பா தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து லிஸ்ட்டம்மாவிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். மூன்று நாள் ஒரு பிள்ளை வாய் மூடிக் கிடந்ததை எந்த ரப்பர் வைத்து அழிப்பது?

வெளியே வந்ததும் அண்ணி சொன்னாள்: "இனிமே ஞாயித்துக்கிழமைக் கதையெல்லாம் வேணாம். அடுத்த வகுப்புல என் பேரு இருக்கணும்."

"லிஸ்ட் இப்ப என் கையில இல்ல அண்ணி."

"யார் கையில இருக்கோ அவங்க முன்னாடி போய் நில்லு. அண்ணிக்காகக் கேக்கறேன்னு சொல்லியே கேளு."

மறுநாள் காலை அவள் பக்கத்து மேசை முன்னால் போய் நின்றாள். நேற்றுவரை அவளிடம் கையெழுத்துக்கு நின்ற பையன்தான், உட்காரச் சொல்ல எழுந்தான். அவள் உட்காரவில்லை. "எங்க அண்ணி பேரைச் சேக்கணும். சொந்தக்காரிக்காகத்தான் கேக்கறேன்" என்று அலுவலகம் முழுவதும் கேட்கும்படி சொன்னாள். சொல்லும்போது முகம் எரிந்தது. சொல்லி முடித்த பிறகும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

கதை இவ்வளவுதான் கண்ணுகளா. இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளை நம்பட்டும், பிள்ளைகள் சொல்லுக்கு மதிப்பு இருக்கட்டும். வீட்டு ஆள்தானே என்று யாரும் யாரையும் பின்னுக்குத் தள்ளாதிருக்கட்டும். தப்பு நேர்ந்தால் பொழுதோடு சொல்லிவிடுகிற வாயும், கேட்டுக்கொள்கிற காதும், உங்கள் கூரைக்குக் கீழே என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.