வாசிப்பை நிறுத்தினேன்

அந்தச் சமையலறையை நான் சுத்தம் செய்தேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம். எங்கள் யூதர்களின் பாஸ்கா பண்டிகைக்குப் பதினைந்து நாள் முன்பே ஆரம்பித்தேன். அலமாரித் தட்டுகளைக் கழற்றிக் கழுவினேன். டிராயர்களை வெளியே இழுத்துக் கவிழ்த்துத் தட்டினேன். அடுப்பின் இடுக்குகளை ஊசியால் கிளறினேன். பாஸ்கா எட்டு நாளும் புளித்த மாவில் செய்த ஒரு துணுக்குகூட எங்கள் கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது. இருபத்தாறு வருடமாக எங்கள் ஜெபக்கூடத்துச் சமையலறை என் பொறுப்பு. எனக்குத் தெரியாதா?

பாஸ்காவின் முதல் இரவு பொது விருந்து. பிரான்சின் கிழக்கு எல்லையில், எங்கள் அல்சாஸ் ஊரில் இப்போது மிஞ்சியிருப்பதே முப்பது குடும்பம்தான், எல்லோரும் வந்திருந்தார்கள். சூப் பரிமாறியாயிற்று. புதிதாக வந்த எங்கள் இளம் மதகுரு, ரபி, ஒரு கரண்டி தேடி டிராயரை இழுத்தார். உள்ளே கரண்டிகளுக்கு நடுவே பச்சை நிறத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட். பிரித்த பாக்கெட். தூள் எல்லாக் கரண்டியிலும் கொட்டிக் கிடந்தது.

சபைத் தலைவர் அர்மான் பொலாக் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. பிறகு என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "மதாம் கெய்ஸ்மார், உங்களுக்கும் வயசாயிடுச்சு. கண்ணு தெரியலன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

சூப், மீன், இறைச்சி எல்லாம் குப்பைக்குப் போயிற்று. எழுபது பேர் புளிக்காத அப்பத்தைக் கடித்துக்கொண்டு பசியோடு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் சமையலறைச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஜூன் மாதம் என் கணவர் ஜில்பேரின் நினைவு நாள். காலை ஜெபம் முடிந்ததும், வழக்கப்படி கேக்கும் பிளம் சாராயமும் மேஜையில் வைத்தேன். சாராயம் கடையில் வாங்கியது, அதைக் குடித்தார்கள். கேக் என் அடுப்பில் செய்தது, என் சுத்தத்தில் நம்பிக்கை போனதால் யாரும் தொடவில்லை. ஒருத்தருக்குச் சர்க்கரையாம், ஒருத்தருக்கு வயிறு சரியில்லையாம், ஒருத்தர் இப்போதுதான் சாப்பிட்டாராம். அடப்பாவிகளா, ஜில்பேரின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள் நீங்கள்! என் சிநேகிதி பெர்னாந்த் மட்டும் ஒரு துண்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். "நான் வீட்டுக்குப் போய் காபியோட சாப்பிடறேன் ஓடில்" என்றாள். அந்த ஒரு துண்டை நினைத்துக்கொண்டுதான் அந்தக் கோடையை நான் ஓட்டினேன். ஊரே ஒதுக்கினாலும் பெர்னாந்த் சாப்பிட்டாள் என்று தினமும் சொல்லிக்கொள்வேன்.

செப்டம்பரில் எங்கள் புத்தாண்டு வந்தது. ஜெபம் மதியம் தாண்டியும் நீண்டது. பெண்கள் மாடத்திலிருந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வரிசையில் பொலாக் லேசாக ஆடினார், நெற்றியைத் துடைத்தார், பிறகு கோட்டுப் பையில் கைவிட்டு எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் கையில் இருந்தது பச்சை பாக்கெட்.

அதே பாக்கெட். சர்க்கரை இறங்கினால் சாப்பிடவென்று நோயாளிகளுக்கு மருந்துக் கடையில் மட்டும் விற்பது. எனக்குக் காது அடைத்துப்போயிற்று. புத்தாண்டுக் கொம்பு ஊதியது கேட்டதா என்றுகூடத் தெரியவில்லை.

ஜெபம் முடிந்ததும் முற்றத்தில் அவரை மறித்தேன். "அர்மான், அந்த பாக்கெட்டைக் காட்டுங்க."

மனிதர் இப்படியும் அப்படியும் பார்த்தார். "சத்தம் போடாதீங்க. சர்க்கரை திடீர்னு இறங்கிடும், கையில வெச்சுக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கார். பாஸ்காவுக்கு முந்தின நாள் ஒயின் பெட்டி இறக்க வந்தேன். தலை சுத்திச்சு. ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டுட்டு டிராயர்ல வெச்சேன். மறந்தே போச்சு."

"ரபி டிராயரைத் திறந்தப்போ உங்களுக்கு ஞாபகம் வந்துதா?"

பாக்கெட் இருந்த பையைக் கையால் மூடிக்கொண்டார்.

"வந்துதா இல்லையா?"

"வந்துது" என்றார். "தலைவரா இருந்துட்டு நானே... எப்படிச் சொல்ல முடியும்? இது நமக்குள்ள இருக்கட்டும் ஓடில்."

நமக்குள் இருக்கட்டுமாம்! என்னைத் திட்டும்போது எழுபது பேர் வேண்டும், உண்மைக்கு மட்டும் இரண்டு பேர் போதும். நானே ஊருக்குச் சொல்லியிருக்கலாம். யார் நம்புவார்கள்? கிழவி தன் தப்பை நோயாளி தலையில் கட்டுகிறாள் என்பார்கள். பழியைப் போட்ட வாய்தான் அதை எடுக்க வேண்டும்.

புத்தாண்டுக்கும் பாவநிவிர்த்தி நாளுக்கும் நடுவே பத்து நாள். மனிதனுக்குச் செய்த தீங்கை அந்த மனிதனே மன்னிக்காவிட்டால், எத்தனை உபவாசம் இருந்தாலும் கடவுள் மன்னிக்க மாட்டார். அதனால் அந்தப் பத்து நாளும் ஒவ்வொருவரும் வாசல் வாசலாகப் போவோம். புதன்கிழமை காலை என் போனில் பொலாக்கின் செய்தி வந்தது. "இந்த ஆண்டு தெரிந்தோ தெரியாமலோ உங்கள் மனதைப் புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள்." கீழே ஒரு பூப்படம். முப்பது குடும்பத்துக்கும் ஒரே செய்தி. என் இறைச்சிக் கடைக்காரருக்கும் அதேதான் வந்திருந்தது.

மாலையில் நேரில் வந்தார். "எதுக்கு மன்னிப்புன்னு சொல்லுங்க, அதுவும் எல்லார் முன்னாடியும்" என்று கதவைச் சாத்தினேன். வியாழக்கிழமை பூங்கொத்தோடு வந்தார். பூவை மட்டும் திருப்பிக் கொடுத்தேன், வார்த்தை எதுவும் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை நான் பிளம் டார்ட் செய்துகொண்டிருந்தபோது ரபியையும் இரண்டு பேரையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மாவுக் கையோடு வாசலில் நின்றேன்.

"ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்க" என்றார் பொலாக்.

"ஏதாவதா? என்ன ஏதாவது? ரபி, எதுக்குன்னு அவரைக் கேளுங்களேன்!"

ரபி தரையைப் பார்த்தார். "அது உங்க ரெண்டு பேர் விஷயம் மதாம். மூணு தடவை கேட்டாச்சு. சட்டப்படி அவர் கடமை முடிஞ்சுது. இனிமே மன்னிக்காத பாரம் உங்க மேலதான்."

பொய் சொன்னவன் சுத்தம், பொய்யைச் சுமந்தவள் பாவி. நல்ல சட்டம்!

அப்போதுதான் ஜில்பேர் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை மதியப் பாட வகுப்பில் ஒருமுறை அவர் வாசித்துக் காட்டினார். எங்கள் பக்கத்துச் சபைகளில் பழங்காலத்தில் ஒரு உரிமை இருந்தது. அநியாயம் நேர்ந்தவர், விதவையோ அநாதையோ யாரானாலும், ஜெபத்தின் நடுவே எழுந்து தோரா என்ற வேதச் சுருளின் வாசிப்பை நிறுத்தலாம். வழக்கைக் கேட்கும்வரை சுருளைத் திறக்கக் கூடாது. ஆகா, எவ்வளவு அருமையான வழக்கம் என்று அன்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

சனிக்கிழமை காலை. சுருளை எடுக்க, அது இருக்கும் பேழையின் திரையை விலக்கப் போனார்கள். நான் மாடப்படி இறங்கி, ஆண்கள் நடுவே நடந்து, திரைக்கு முன்னால் போய் நின்றேன். கைகளை விரித்து வழியை மறித்து நின்றேன்.

"இன்னிக்கு வாசிப்பு கிடையாது" என்றேன்.

"மதாம், மத்தியானம் பேசிக்கலாம்" என்றார் ரபி.

"ஏப்ரல்லேருந்து பேசாதவங்க மத்தியானம் என்னத்தப் பேசப் போறீங்க? எனக்கு ஒரு அநியாயம் நடந்திருக்கு. செஞ்சவர் இங்கதான் உக்காந்திருக்கார். நான் பேர் சொல்ல மாட்டேன். அவரே சொல்லட்டும். அதுவரைக்கும் நகர மாட்டேன்."

யாரோ ஒருவர் எழுந்து என்னை விலக்க வந்தார். பின்வரிசையில் ஒரு கிழவர், "தொடாதே, அவளுக்கு உரிமை இருக்கு" என்றார். வந்தவர் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

பொலாக் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கோட்டுப் பையிலிருந்து பச்சை பாக்கெட்டை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். "இது என்னுது. பாஸ்கா அன்னிக்கு டிராயர்ல இருந்ததும் என்னுது. பார்த்ததுமே எனக்குத் தெரியும். தெரிஞ்சே பழியை ஓடில் மேல போட்டேன்." என் பக்கம் திரும்பினார். "என்னை மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சேன்" என்று சொல்லி வழிவிட்டேன். மாடத்துக்கு ஏறும்போது அழுதுவிட்டேன், அதையும் மறைக்கவில்லை.

ஜெபம் முடிந்து ஒயின் ஆசீர்வாதம் ஆனதும் என் பிளம் டார்ட்டை மேஜையில் வைத்தேன். அடடா, என்ன கூட்டம்! ஜூன் மாதம் வயிறு சரியில்லாதவருக்கு இப்போது வயிறு சரியாகியிருந்தது. "எனக்கொரு துண்டு ஓடில், எனக்கொரு துண்டு!" பத்துக் கை நீண்டது. துணியை எடுத்து டார்ட்டை மூடினேன்.

"பொய் சொன்னது அவர் ஒருத்தர்" என்றேன். "நம்பினது நீங்க அத்தனை பேரும். ஒவ்வொருத்தரா வாங்க. என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க, அப்புறம் எடுத்துக்குங்க."

நீண்ட கைகள் மடங்கின. கூட்டம் ஒரு அடி பின்னால் போயிற்று. அதற்குள்ளிருந்து முதலில் வந்தவள் பெர்னாந்த்.

"நீ எதுக்குடி வர்ற?" என்றேன். "நீதான் சாப்பிட்டியே!"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சாப்பிடல ஓடில். கைக்குட்டையில எடுத்துட்டுப் போய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டியில போட்டேன். ஜில்பேர் நினைவு நாள் கேக்கை."

துணியை விலக்கினேன். எல்லாவற்றிலும் பெரிய துண்டாக வெட்டித் தட்டில் வைத்து அவள் முன்னால் நீட்டினேன்.

"இங்கேயே சாப்பிடு" என்றேன். "என் கண்ணு முன்னாடி."