ஷெர்லின் அளவுக்கு ஒரு பை

டில்லிபாபு போலந்துக்குப் போவதென்று முடிவானதிலிருந்து ஷெர்லின் ஒருதரம்கூட "போவாத" என்று சொல்லவில்லை. சொன்னால் புருஷன் நின்றுவிடுவான், அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. ஒரகடத்தில் அவன் வேலை பார்த்த கார் கம்பெனி லைனையே மூடிவிட்டார்கள். போலந்தில் பஸ் சீட் செய்கிற கம்பெனியில் இரண்டு வருஷம், வந்ததும் இப்போது குடியிருக்கிற பென்னலூரிலேயே சொந்தமாக ஒரு வூடு என்று திட்டம் போட்டவளும் அவளேதான். திட்டம் போடும்போது இனித்தது. பாஸ்போர்ட்டில் விசா விழுந்ததும் அந்த இனிப்பு போய்விட்டது.

சரி, போகிறவனுக்கு என்னதான் செய்வது? பெரிய பெட்டியை அவள் அண்ணன் கொடுத்துவிட்டான். முதுகில் மாட்டிக்கொண்டு பிளேனுக்குள் ஏறுகிற பை மட்டும் பாக்கி.

"ஏதோ ஒன்னு வாங்கிக்கலாம்" என்றான் டில்லிபாபு.

அங்கேதான் அவளுக்கு எரிச்சல் வந்தது. காருக்கு அடியில் நின்று போல்ட் முடுக்கி முடுக்கி அவன் முதுகு ஏற்கெனவே போன முதுகு. பிளேன் மாறி, ரயில் ஏறி, எங்கேயோ ஒரு ஊரில் இறங்குகிற வரைக்கும் அந்தப் பை அவன் மேல்தான் கிடக்கப்போகிறது. "ஏதோ ஒன்னுன்னா? முதுகு உன்னுதா, பக்கத்து வூட்டுக்காரனுதா?" என்று கேட்டாள். பை வாங்குகிற வேலையை அவன் அவளிடமே விட்டுவிட்டான். புத்திசாலி.

தன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடேயே ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த தணிகாசலத்தின் பைக்கடைக்குப் போனாள். அவர் ஒரு பையை எடுத்து எல்லா ஜிப்பையும் திறந்து திறந்து காட்டினார்.

"இதுல இல்லாத பாக்கெட்டே இல்லம்மா."

"பாக்கெட்டையா அண்ணே தோள்ல மாட்டப்போறாரு? பட்டியைக் காட்டுங்க."

காட்டியும் திருப்தியில்லை. பக்கத்து மளிகைக் கடையில் அரிசியும் பருப்புமாக ஏழு கிலோ வாங்கி வந்தாள். பிளேனில் கையோடு கொண்டுபோக அவ்வளவுதான் விடுவார்களாம். அதைப் பைக்குள் போட்டு, மாட்டிக்கொண்டு, கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். பாக்கெட் பையின் பட்டி கயிறு மாதிரி தோளை அறுத்தது. சக்கரம் வைத்த பை வெறும் பையாகவே கல்லாகக் கனத்தது. மூன்றாவது, சாம்பல் நிறம். பட்டியில் நல்ல மெத்தை, முதுகுப் பக்கம் காற்றுப் போக வலை, பெட்டி மாதிரி முழுசாகத் திறந்தது. இடுப்புப் பட்டியைப் போட்டதும் தோளில் இருந்த பாரம் அப்படியே இடுப்புக்கு இறங்கியது.

"ஆங், இது" என்றாள்.

"பொண்ணு பாக்கப் போறவன்கூட இம்மாம் சோதிக்க மாட்டாம்மா" என்றார் தணிகாசலம்.

"அதான் பாதி வூட்ல சண்டை."

வீட்டுக்கு வந்தும் விட்டாளா? டில்லிபாபு மெடிக்கல், கையெழுத்து என்று வெளியே அலைந்துகொண்டிருக்க, இவள் அரிசிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டே குழம்பு வைத்தாள், பாத்திரம் தேய்த்தாள். மாடியில் துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டுச் செந்தாமரை பார்த்துவிட்டாள்.

"இன்னா ஷெர்லி, நீயா ஊருக்குப் போற?"

"ஆமாக்கா, கூடவே போறேன்" என்று சிரித்துவிட்டுக் கீழே வந்தவள், பையைக் கழற்றாமலே சுவரில் சாய்ந்து அழுதாள். உண்மையிலேயே போகணும் போலிருந்தது அவளுக்கு. பிளேனில் பக்கத்துச் சீட்டில் உட்காரணும். அவன் தூங்கி அவள் தோளில் விழணும். அதற்கு யாரிடம் போய் விசா கேட்பது?

பட்டியை ஒருநாள் கொஞ்சம் இழுத்து, மறுநாள் கொஞ்சம் விட்டு, கடைசியில் பாரமே தெரியாத ஓர் இடத்தில் நிறுத்தினாள். நிறுத்தியதும் கை சும்மா இருக்கவில்லை. அவள் கம்பெனியில் அவளுக்கும் போல்ட் முடுக்குகிற வேலைதான். சரியாக முடுக்கியதும் போல்ட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்த்து மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு இழுக்கணும். கோடு விழுந்தால் வேலை முடிந்தது, இனி யாரும் கை வைக்கக் கூடாது என்று அர்த்தம். வைத்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். ஏப்ரன் பாக்கெட்டில் தவறி வந்திருந்த மார்க்கரை எடுத்து, பட்டிக்கும் பக்கிளுக்கும் சேர்த்து இரண்டு பக்கமும் கோடு இழுத்துவிட்டாள்.

மீனம்பாக்கம் ஏர்போர்ட் வாசலில், மத்தியான வெயிலில், கார் டிக்கியிலிருந்து எடுத்து முதல்தடவையாக டில்லிபாபு அந்தப் பையை மாட்டினான். பை பிடரிக்கு ஏறியது. இடுப்புப் பட்டி தொப்புளுக்கு மேலே நின்றது. ஷெர்லின் அவன் நெஞ்சு உயரம்தான் இருப்பாள். இத்தனை நாளும் தன் உடம்புக்கே அளவு பார்த்திருக்கிறாள்.

"ஐயோ, எனக்கு வச்சிருக்கேன் பாபு. லூஸ் பண்ணு."

அவன் பக்கிளில் கை வைத்தான். மஞ்சள் கோட்டைப் பார்த்தான். கையை எடுத்துவிட்டான்.

"மார்க் போட்டுக்கீது. போட்டவங்கதான் கழட்டணும்."

"வெளையாடாத. முதுகு போயிடும்."

"வெளையாடல. நீயே கழட்டு."

அவளால் முடியவில்லை. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "போவாத" என்றாள். அத்தனை நாள் அடக்கி வைத்தது, சாதாரணமாகத்தான் வந்தது.

அவன் வாசலை விட்டு ஒதுங்கி நின்றான். "சரி. திரும்பிடலாமா? சொல்லு, கார்ல ஏறிடறேன்."

கேலி இல்லை, நிஜமாகவே கேட்டான். அதுதான் அவளைக் கொன்றது. மூடின லைன் அப்படியேதான் மூடிக்கிடக்கிறது. திரும்பினால் இவன் வீட்டில் உட்கார்ந்து தன்னைத் தானே தின்பான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எக்கி நின்று இரண்டு பக்கப் பக்கிளையும் தூக்கி இழுத்தாள். பட்டி இறங்கியது. கோடு இரண்டாக உடைந்து, நடுவில் நாலு விரல் இடைவெளி விழுந்தது. பை அவன் முதுகில் ஒழுங்காக உட்கார்ந்தது.

"பாரம் தெரியுதா?"

"தெரியல" என்றான். போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவள் மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்த நேரம் வீடியோவில் வந்தான். சின்ன அறை, கட்டில், ஜன்னல். சுவரில் ஆணியில் அந்தப் பை.

"இன்னா, பட்டி மேல ஏறிக்கீது?" என்று கேட்டாள் ஷெர்லின்.

"வேலைக்கு மாட்டிகினு போறப்ப என் அளவு. வூட்டுக்கு வந்ததும் உன் அளவுக்கு வச்சிடறேன்."

"கிட்ட காட்டு."

போனைக் கிட்டே கொண்டுபோனான். உடைந்த மஞ்சள் கோடு மறுபடி சேர்ந்து ஒரே கோடாக இருந்தது.

"நேரா கீதா?" என்று அவன் கேட்டான்.

நேராகத்தான் இருந்தது. தன் அளவு அங்கே அவன் கட்டில் பக்கத்தில் தொங்க, தான் மட்டும் இங்கே உட்கார்ந்திருப்பது ஷெர்லினுக்குத் தாங்கவில்லை.

"இல்ல, கொஞ்சம் கோணலா கீது. இன்னொருவாட்டி காட்டு" என்றாள்.