நான்காவது அறை

1994 ஆவணியில், மதுக்கரைக்கு அருகே எங்கள் தோட்டத்து வீட்டில் அன்று இருந்தவர்கள்: கந்தப்பனாகிய நான், என் தம்பி வெங்கடபதி, அவன் மனைவி தெய்வாத்தாள், அவர்கள் மகள் பிரவீனா, கார் ஓட்டும் ஆறுச்சாமி. வேறு யாரும் இல்லை.

பிரவீனா பீளமேட்டில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படித்தாள். பவானியிலிருந்து நல்ல இடம் வந்தது. வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். படிப்பை முடிக்கிறேன் என்று அழுதாள். நான் இளகவில்லை.

புதன்கிழமை மதியம் வாந்தியெடுத்து மேசையடியில் மயங்கி விழுந்தாள். மேசையில் கனி வகைகளை வரைந்த ரெக்கார்டு நோட்டு. பக்கத்தில் அறுத்த தக்காளி, பிளந்த வெண்டைக்காய், உரித்த அவரை. கடைசியில் எங்கள் வேலியோர மஞ்சள் அரளிக்காய். தோலையும் சதையையும் சீவி, உள்ளிருந்த கல் போன்ற ஓட்டை உடைத்திருந்தாள். ஓட்டுக்குள் நான்கு அறைகள். விதைகள் மூன்றுதான் கிடந்தன.

அது விஷம். அதைத் தின்ற இருவரைச் சுடுகாட்டுக்குச் சுமந்தவன் நான்.

"ஆறுச்சாமி, காரை எடு!" தெய்வாத்தாள் அலறினாள்.

"பொறு" என்றேன். ஆஸ்பத்திரியில் அரளி என்றால் போலீசுக்கு எழுதுவார்கள். பொழுது சாயுமுன் பவானிக்குத் தெரிந்துவிடும். "டாக்டரை இங்கேயே வரச் சொல்லலாம்." கார் சாவி என் கையில் இருந்தது.

"ஏனுங்க மாமா, என்ற புள்ள போயிட்டா வெள்ளிக்கிழமை நிச்சயம் உங்களுக்கா பண்ணுவாங்க?" என்றாள் தெய்வாத்தாள்.

வெங்கடபதி அதுவரை என்னை எதிர்த்துப் பேசியதில்லை. "அண்ணா, சாவியக் குடுங்க. இல்லீன்னா தோள்ல போட்டுட்டு ரோட்டுல நடக்கறேன். ஊரே பாக்கட்டும்."

பிரவீனாவின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் வெங்கடபதி உரக்கவே சொன்னான், அரளி என்று. டாக்டர் இதயத்துடிப்பைப் பலமுறை பார்த்தார். அரளியானால் துடிப்பு தடுமாறும் என்றார். சீராகத்தான் இருந்தது.

"பொண்ணு சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

தெய்வாத்தாள்தான் சொன்னாள். நிச்சயம் பேசியது முதல் அவள் தட்டைத் தொடவில்லை என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

பிரவீனா கண் விழித்ததும் நான்காவது விதை எங்கே என்று கேட்டேன்.

"அது பிஞ்சிலயே கருகிப்போச்சுங்க பெரியப்பா. அரளியில ஒண்ணு ரெண்டு அப்படித்தான் வளராமப் போகும். படத்துல போட்டிருக்கேனே, பாக்கலீங்களா?"

வீட்டுக்கு வந்து பார்த்தேன். நோட்டில் மூன்று அறைகளில் விதை. நான்காவதில் கடுகளவு கரும்புள்ளி. உடைந்த ஓட்டிலும் அந்தப் புள்ளி ஒட்டிக்கொண்டிருந்தது.

பவானிக்கு நானே போய் நிச்சயத்தை நிறுத்தினேன்.

பிரவீனா அரளி தின்றாள், பெரியப்பன் அரை மணி நேரம் சாவியைத் தரவில்லை என்று ஊரில் பேசுகிறார்கள். அவள் தின்னவில்லை. அரை மணி நேரமும் இல்லை. பத்து நிமிடம்.