வாய் மூடும் வரை

ஒரு ரப்பர் தவளைக்கும் என் மைத்துனனின் துடுக்கு நாக்குக்கும் நான் வாழ்நாள் முழுவதும் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால், அன்று காலை அவ்விரண்டின்மீதும் எனக்குக் கடுங்கோபமே இருந்தது.

‘வீசினால் விரால் உறுதி’ என்று மீன்பிடிக்கும் அந்தப் பொய்த்தவளையின் உறைமேல் அச்சிட்டிருந்தார்கள். வீசினேன். விராலும் வந்தது. ஏரியின் பாசியைப் பிளந்துகொண்டு, பானை உடைந்தாற்போன்ற ஓசையுடன் தவளையைக் கவ்வியது. உடனே கோலைச் சுண்டி இழுத்தேன். தவளை மட்டும் பறந்து வந்து என் சட்டைக் கையில் மாட்டிக்கொண்டது.

“அக்கா, அத்தான் பெரிய மீனாத்தான் புடிச்சிருக்கார்! சட்ட போட்ட மீன்!” என்று மைத்துனன் சிரித்தான்.

அவன் குளிர்பெட்டி பழுதுபார்ப்பவன். என் மனைவியின் தம்பி. அவன் அக்கா மர நிழலில் மடக்கு நாற்காலியில் அமர்ந்திருந்தாள். பக்கவாதம் தாக்கியதிலிருந்து அவளுக்குச் சொற்கள் எளிதில் அகப்படுவதில்லை. கை தேறிவிட்டது, நாக்குத்தான் தேறவில்லை. “அவங்களே தேடி எடுக்கணும் சார். நீங்க எடுத்துக் குடுத்தா, தேடுறதையே விட்டுடுவாங்க” என்று பேச்சுப் பயிற்சி தரும் அம்மையார் சொல்லியிருந்தார். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும், அவள் ‘த’ என்பதற்குள் தண்ணீரை நீட்டினேன். அவள் படும் பாட்டைக் காணப் பொறாமல்தான் அப்படிச் செய்தேன். சில நாள்களாக அவள் வாய் திறப்பதே அரிதாகிவிட்டது. அவள் பேச்சு அடியோடு அடங்கிவிடுமோ என்ற அச்சம் இரவும் பகலும் என்னை அரித்தது.

“ரெண்டு பேரும் இப்படியே மொகத்த மொகம் பாத்துட்டு இருந்தா, அப்புறம் செவுருதான் பேசும். கெளம்புங்க” என்று மைத்துனன்தான் எங்களை ஏரிக்கு அழைத்து வந்திருந்தான்.

அவன் என் சட்டையிலிருந்து தவளையைக் கழற்றிப் பார்த்தான். “முள்ளு ரெண்டும் உடம்போட ஒட்டிக் கெடக்கு, அத்தான். இப்படி இருந்தா எங்க குத்தும்?” என்று குறட்டால் முள்முனைகளைச் சற்றே வெளிப்புறமாக விரித்தான். மீன் காலை மட்டும் கவ்வி ஏமாற்றாதிருக்க, ரப்பர்க் கால்களையும் பாதியாக நறுக்கினான்.

மீண்டும் வீசினேன். மீண்டும் பானை உடைந்தது. மீண்டும் வெறுந்தவளை திரும்பியது.

“இது மீனின் அயோக்கியத்தனம்!” என்றேன்.

“மீன் என்ன பண்ணும்? சத்தம் கேட்ட ஒடனே இழுக்குறீங்க. அது தவளைய உள்ள வாங்கி, வாய மூடி, தண்ணிக்குள்ள திரும்பணும். அப்ப கோல்ல கட்டுன நரம்பு கனக்கும். அதுக்கப்புறம் இழுங்க. ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கலையே!”

அப்போது நாற்காலியிலிருந்து குரல் வந்தது. “தூ...”

நான் திரும்பினேன். “தூக்கம் வருதா? வீட்டுக்குப் போகலாமா?”

அவள் இல்லையென்று தலையை அசைத்தாள். “தூ... எ...”

“தூசியா? எறும்பா? நாற்காலியை நகர்த்தட்டுமா?”

அவள் உதடுகளை இறுக மூடிக்கொண்டு முகத்தை ஏரியின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மைத்துனன் குறட்டைக் கீழே வைத்தான். “அத்தான், மீன வாய மூட விடமாட்டேங்கறீங்க, எங்க அக்காவ வாயத் தொறக்க விடமாட்டேங்கறீங்க.”

வேடிக்கையாகத்தான் தொடங்கினான். ஆனால், முடிக்கும்போது அவனுக்கே சிரிப்பு வரவில்லை. தமிழாசிரியனாக எவ்வளவோ பேரை வகுப்பில் வாயடைக்கச் செய்தவன் நான். அன்று என் முறை.

தவளையை வீசினேன். பாசியின்மேல் அது தத்தித் தத்தி வந்தது. தண்ணீர் வெடித்தது. கை தானாக எழுந்தது. முழங்கையை விலாவோடு அழுத்தி அதை நிறுத்தினேன். தவளை மறைந்துவிட்டது. நரம்பு மெல்ல நகர்ந்தது, விறைத்தது, பிறகு கனத்தது. அதற்குப் பிறகே கோலை ஓங்கி இழுத்தேன்.

கைப் பருமனுள்ள விரால்! மைத்துனன் அதைக் கரையேற்றி வாளியில் போட்டுக் கூத்தாடினான். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

“தூ...” என்றாள்.

என் நாக்கின் நுனிக்குப் பல சொற்கள் வந்தன. அத்தனையையும் விழுங்கினேன். வாளியில் மீன் வாலடித்தது. அவள் உதடுகள் தேடின, தவறின, மறுபடியும் தேடின. நரம்பைப் பார்த்தது போலவே அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“தூண்டில்... எனக்கு... குடுங்க.”

தூண்டிலுக்குப் பின் ‘ஐ’ உருபு தொக்கி நின்றது, தொகையும் இலக்கணமே. அதைவிடச் செம்மையான வாக்கியத்தை என் பணிக்காலம் முழுவதிலும் நான் கேட்டதில்லை. கோலை நீட்டினேன். அவள் இன்னும் முடிக்கவில்லை.

“உங்கள விட... நான்... நல்லா... புடிப்பேன்.”

“அப்படிப் போடு, அக்கா!” என்று கத்திவிட்டு, மைத்துனன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நான் வாளியைத் தூக்கிச் சென்று விராலை ஏரியில் விட்டேன்.

“அத்தான்! என்ன காரியம் பண்றீங்க? அடுப்பு காத்துட்டிருக்கு!”

“குருவை யாராவது வறுத்துத் தின்பார்களா?” என்றேன். அவனையும் குரு என்று சொல்லத்தான் எண்ணினேன். தலைக்கனம் ஏறிவிடும் என்று தோளைத் தட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவள் வீசிய முதல் வீச்சில் தவளை மரக்கிளையில் போய்த் தொங்கியது. அவள் அண்ணாந்து பார்த்தாள்.

“அது...” என்று தொடங்கினாள்.

நானும் மைத்துனனும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோம்.